கையைத் தூக்காதீர்கள் என்றவர்

சென்ற புதன்கிழமை காலை ஒரு கன்றுத் தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கத்திக் காயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிற ஆள் ஒருவர் வந்து, "ஆசீர்வாதம் மேஸ்திரி போய்ட்டாரு சாமி. விடியக்காலம் மூச்சு நின்னுடுச்சாம்" என்றார். நான் தோலைக் கீழே வைக்கவில்லை. பார்த்து முடித்து, இரண்டாம் தரம் என்று அடுக்கில் போட்ட பிறகுதான் உட்கார்ந்தேன். அது முதல் தரத் தோல் என்று மறுநாள் தெரிந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்க உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் நான் தவறாகப் போட்ட தோல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர் சபையைச் சேர்ந்தவர்களும் ஷாப்பு ஆட்களுமாக வந்து, ஞாயிற்றுக்கிழமை வாசிக்க ஒரு நினைவஞ்சலி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவன், அவரோடு அதிக காலம் வேலை பார்த்தவன் என்று என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள். நல்லதாக நாலு வார்த்தை போதும் என்றீர்கள். நல்லதும் இருக்கிறது, எழுதுகிறேன். மற்றதையும் எழுதாமல் என்னால் இருக்க முடியாது. முழுவதும் படித்துவிட்டு, வாசிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காகிதத்தில்தான் அவரை 'அவர்' என்று எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உயிரோடு இருந்தவரை நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைச் 'சாமி' என்றார். ஆம்பூரில் அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

மயிர் கழல்வதற்காகத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழி அவருடைய ராஜ்யம். குழிக்குள் முழங்கை வரை விட்டுத் தோலை இழுப்பார். இரண்டு விரலால் மயிரைக் கிள்ளிப் பார்த்து, "இன்னும் ஒரு நாள் கெடக்கட்டும்" என்பார். அந்த ஒரு நாளை யாராவது அவசரப்பட்டுக் குறைத்தால் தோல் கெட்டுப்போகும், அவர் சொன்னபடி விட்டால் கெடாது. வெளியூர் வியாபாரிகள்கூட எங்கள் சரக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, குழியில் யார் என்று கேட்பார்கள். அவ்வளவு கெட்டிக்காரர். பேச்சு கம்மி. குழியிலிருந்து வரும் தோலை அவர் தரையில் போடுவார், நான் தரையிலிருந்து எடுத்துக்கொள்வேன். கைக்குக் கை வாங்கியதில்லை.

சோட்டாவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பச்சைத் தோல் காயும் இடத்தில் தெருநாய்கள் சும்மா இருக்காது. இழுத்துக் குதறிவிடும். அதற்காக ஷாப்பில் ஒரு காவல் நாய் இருக்கட்டும் என்று முதலாளி ஹாஜியார் சம்மதித்தார். விஷக்காய்ச்சல் வந்த வருஷம் என் மனைவி போய், வீட்டில் நான் ஒருவன்தான் என்றானபோது, கைக்குள் அடங்குகிற குட்டியாக அதைக் கொண்டுவந்தேன். தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைக்கும் பட்டைத் தொட்டியில் வேலை செய்கிற பாய்கள் சோட்டா என்று பெயர் வைத்தார்கள். இடுப்பு உயரம் வளர்ந்த பிறகும் அது சோட்டாதான். கோழி கூவியதும் கதவைத் திறந்துவிடுவேன், ஷாப்புக்கு ஓடிவிடும். நான் குளித்து, சாமி கும்பிட்டு, பழையது சாப்பிட்டுப் போக நேரமாகும். மத்தியானம் தோல்களை உள்ளே எடுத்ததும் அது வீட்டுக்குத் திரும்பிவிடும். சாயங்காலம் நான் தெரு முனையில் திரும்பும்போதே எழுந்து நின்று காத்திருக்கும். என் வரவுக்காக எழுந்து நிற்கிற ஜீவன் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

அதற்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். ஆளைக் கண்டால் மேலே தாவும். இரண்டு முன்னங்காலையும் மார்பில் வைத்து முகத்தை நக்கும். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நடந்த கால் வேட்டியில் பட்டால் அந்தக் கறை சாகும்வரை போகாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாயின் எச்சில் பட்ட துணியோடு பாய்மார்கள் தொழக்கூடாது. பாங்கு சொல்கிற நேரம் பார்த்து இது போய் ஒருவர் மேல் தாவும். அவர் வீட்டுக்கு ஓடி, துணி மாற்றி, கைகால் கழுவி வருவதற்குள் ஜமாத்துத் தொழுகை முடிந்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஹாஜியாருடைய புது ஜிப்பாவிலேயே கால் வைத்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"முதலியாரே, நாய் மேல நமக்கு வருத்தம் இல்ல. நல்லா காவல் காக்குது. ஆனா ஆளுங்க தொழுகை கெடுது. ஒரு மாசம் டைம் தர்றேன். பழக்கம் போவலன்னா வேற எடம் பாத்துக்குங்க" என்றார்.

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். அதட்டினேன். ஈர்க்குச்சியால் அடித்தேன். முழங்காலால் தள்ளினேன். அது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு இரண்டு மடங்கு தாவியது. அப்போதுதான் ஆசீர்வாதம், தானாக யாரிடமும் பேச வராதவர், என் மேஜைக்கு நான்கு முழம் தள்ளி வந்து நின்றார்.

"சாமி, தப்பு நாய் மேல இல்ல, நம்ம மேல. குட்டியா இருக்கச்சே கிட்ட வந்தா நாம இன்னா பண்ணோம்? கையெல்லாம் சுண்ணாம்பு, பட்டுதுன்னா அதுக்குப் புண்ணாய்டுமேன்னு ரெண்டு கையையும் மேல தூக்கிக்கினோம். ஷாப்பே அப்டித்தான் பண்ணுச்சு. கை மேல போனா, மேல வான்னு கூப்புடறாங்கன்னு அது கத்துக்கிச்சு" என்றார்.

அவர் சொன்னது உண்மை. குழி ஆட்கள் சுண்ணாம்புக் கையோடும், தொட்டி ஆட்கள் பட்டைச் சாற்றுக் கையோடும், நாய்க்குட்டி ஓடிவரும்போதெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றதை நானே எத்தனை முறை பார்த்திருக்கிறேன். பாசத்தால் செய்ததுதான். அதையே பாடமாகப் படித்துக்கொண்டது அந்த நாய்.

அன்றிலிருந்து சோட்டாவுக்கு ஆசீர்வாதம்தான் வாத்தியார், அதற்கு மட்டும் இல்லை, எங்கள் எல்லோருக்கும். ஷாப்பு ஆட்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். நாய் ஓடி வந்தால் கையைத் தூக்கக் கூடாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். தாவினால் ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைப் பார்க்காமல், திரும்பி முதுகைக் காட்ட வேண்டும். நாலு காலும் தரையில் நின்ற பிறகு குனிந்து ஒரு வார்த்தை நல்லதாகப் பேசலாம். திட்டலாமா என்று யாரோ கேட்டார்கள். "திட்றதும் அதுக்குக் கொஞ்சுற மாரிதான். நம்மளப் பாத்துப் பேசுறாங்கன்னுதான் தாவுது. வாயத் தொறக்காதீங்க" என்றார். கடைசியாக அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நாப்பது பேரு ஒழுங்கா இருந்து ஒருத்தன் செல்லம் குடுத்தா அம்புட்டும் பாழ். நாய்க்கு ஒரே சட்டம்தான் போடணும். அந்த ஒருத்தன் நீயா இருக்காத."

அடுத்த சில வாரங்கள் எங்கள் ஷாப்பைப் பார்த்த வெளியாள் யாராக இருந்தாலும் பேய் பிடித்த இடம் என்றுதான் நினைத்திருப்பான். நாய் வந்தால் நாற்பது ஆண்பிள்ளைகளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி நிற்பார்கள். ஒரு தாட்டியான பாய் திரும்பிய வேகத்தில் பட்டைத் தொட்டியில் விழுந்து, கழுத்து வரை மருதாணி வைத்த மாப்பிள்ளையாக எழுந்தார். சிரிப்பதற்கும் பஞ்சமில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் அது என்மேல் தாவும். நான் திரும்பி நிற்பேன். சுற்றி ஓடி வந்து முன்பக்கம் தாவும். மறுபடி திரும்புவேன். கடைசியில் ஒரு மாதிரி முனகிக்கொண்டு உட்காரும். அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு கதவைப் பார்த்தபடி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமோ என்னவோ. ஒரு நாள் தாங்க முடியாமல், தாவியதை அப்படியே கட்டிக்கொண்டுவிட்டேன். மறுநாள் நானே போய் ஆசீர்வாதத்திடம் ஒப்புக்கொண்டேன். அவர் சத்தம் போடவில்லை. "உங்க மேல இருக்கற ஆசை அதுக்கு எங்கியும் போய்டாது சாமி. கீழ உக்காந்தா குனிஞ்சு தடவுங்க. மேல தாவுனா மட்டும் கல்லா நில்லுங்க. அது இங்க இருக்கணும்னா வேற வழி இல்ல" என்றார். நான் கல்லாக நின்றேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. இதைச் சத்தியம் செய்து எழுதுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு என்னை யாரும் நம்பவில்லை.

பாடம் பலித்தது. மாதம் முடிவதற்குள் சோட்டா ஆட்கள் முன்னால் ஓடிவந்து, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்காரப் பழகிவிட்டது. ஹாஜியார் ஜிப்பாவோடு நாலு முறை குறுக்கே நடந்து பார்த்தார். உட்கார்ந்தபடியே இருந்தது. அவர் சிரித்து, ஆசீர்வாதத்தைப் பார்த்து ஷாபாஷ் என்றார். இனி என் நாயை யாரும் என்னிடமிருந்து பிரிக்க முடியாது என்று அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்துப் புதுத் தொட்டிக் கொட்டகை திறந்தார்கள். ஹாஜியாரின் மாமனார் வாணியம்பாடியிலிருந்து வந்திருந்தார். வயசானவர், குர்ஆன் ஓதுகிறவர். எல்லோரும் நிற்க, அவர் நடுவில் நின்று துஆ என்கிற பிரார்த்தனைக்காக இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராக உயர்த்தினார்.

சோட்டா எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. அந்தக் கைகளைப் பார்த்து ஓடிவந்து, ஆசையாக, அவர் மார்பில் இரண்டு காலையும் வைத்தது. பெரியவர் மல்லாந்து கல்லில் விழுந்தார். மணிக்கட்டு உடைந்தது. துஆ பாதியில் நின்றது.

அந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரே விஷயம்தான் தோன்றியது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மாதம் இருந்திருந்தால் நாய்க்கு இந்தப் பழக்கம் அடியோடு மறந்திருக்கும். யாரோ ஒருவர் மட்டும் கையைத் தூக்கித் தாவ விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பெரியவரை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு ஹாஜியார் கேட்டார், "யாரு செல்லம் குடுத்தது?" ஆசீர்வாதம் மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு தடவை நான் தவறியதை அவரிடம் ஒப்புக்கொண்டவன் அல்லவா? அந்தப் பார்வையைப் பின்பற்றி நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஹாஜியார் திரும்பி உள்ளே போய்விட்டார். சொந்த நாய், சொந்த மோகம், முதியவரின் கையை உடைத்தவன் என்று எல்லாம் என் தலையில் விழுந்தது. ஒரு வாரத்துக்குள் சோட்டாவை ஏலகிரி மலையில் பலா விற்கிற ஒருவரின் மாட்டு வண்டியில் கட்டி அனுப்பினேன். வண்டி போகும்போது அது நான் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக உட்கார்ந்துகொண்டே போயிற்று.

பதினைந்து நாள் இருக்கும். மெட்ராஸ் வண்டிக்கு ஏற்ற வேண்டிய சரக்கு மிச்சம் இருந்ததால் வழக்கத்துக்கு முந்தியே, கிழக்கு வெளுக்கும்போதே ஷாப்புக்குப் போனேன். பட்டைக் குவியலுக்குப் பின்னால் ஏதோ முனகல். எனக்குத் தெரிந்த முனகல். எட்டிப் பார்த்தேன்.

ஆசீர்வாதம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். உடம்பெல்லாம் புழுதியும் முள்ளுமாக, விலா எலும்பு தெரிய, சோட்டா அவர் மார்பில் கால் வைத்து முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து ஓடிவந்திருக்கிறது. ஷாப்புக்கு வர என் தெருவைத் தாண்டித்தான் வர வேண்டும், வேறு வழி கிடையாது. என் வாசலில் நிற்காமல், நேராக அந்தக் கைகளிடம் வந்திருக்கிறது.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

அவர் கையை இறக்கினார். "மொதல்லருந்தே சாமி. தெனம் காலைல ஒரு வாட்டி. ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி."

"ஊருக்கெல்லாம் சட்டம் போட்டியே."

"எல்லாரும் நிறுத்திட்டா என் மேலயும் நிறுத்திடுமேன்னு இருந்துச்சு. இந்த ஷாப்புல என் மேல வந்து வுழுற ஜீவன் வேற எது சாமி? நான் ஒருத்தன் மட்டும்னா அதுக்குப் புரியும்னு நெனச்சேன். பெரியவரு கையத் தூக்குவாருன்னு யாருக்குத் தெரியும்."

"என்னப் பாத்தியே அன்னிக்கு."

அவர் குனிந்து நாயின் முதுகிலிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, ஒரு தோலில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் என் கண் தவறாது. என் கண்முன்னால் நடந்ததை நான் பார்க்கவில்லை. நான் வாசலில் முதுகைக் காட்டி நின்ற ஒவ்வொரு சாயங்காலத்துக்கும் முந்தின காலையில் அவர் என் நாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். என்னைக் கல்லாக நிற்கச் சொன்னவரே என் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். பழி வந்தபோது அதை என் பக்கம் தள்ளிவிட்டார். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் இதுதான். அவர் மேல் வந்து விழ வேறு யாரும் இல்லை என்றது உண்மை. நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம், நானும்தான். மாட்டின் தோலை நாள் முழுக்கத் தொடுவேன், அதைக் கழுவித் தந்தவரின் கையைத் தொட மாட்டேன். அன்று அது எனக்கு உறைக்கவில்லை. இன்று உறைக்கிறது. உறைத்தும் கோபம் குறையவில்லை, ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லாமல் போய்விடாது.

அவர் ஹாஜியாரிடம் போய் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் குழி வேலையிலிருந்து அவரை நிறுத்தியிருப்பார்கள். நாயை அவர் தன் குடியிருப்புக்குக் கொண்டுபோனார். "ஒங்க நாய் சாமி, வந்து கூட்டிக்கினு போங்க" என்று ஒரு முறை சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. என் வாசலைத் தாண்டிப் போன நாயைக் கயிற்றில் கட்டி இழுத்து வர எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பிறகு அவரே என் மேஜைக்கு அருகே வந்து நிற்கத் தொடங்கினார். நான்கு முழத் தூரத்தில், ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். வேண்டுமென்றேதான் செய்தேன். முதலில் தினமும் வந்தார். பிறகு வாரம் ஒரு முறை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வருவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பின் ஒன்பது வருஷம் தோலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

புதன்கிழமை சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் மண் போட்டார்கள், நானும் போட்டேன். கூட்டம் கலைந்த பிறகு அவர் மகள் எஸ்தரிடம், அப்பா என்னைப் பற்றிக் கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்? அந்தப் பெண் யோசித்துப் பார்த்து, இல்லீங்க என்றாள். சோட்டா என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது செத்து மூன்று வருஷமாகிறதாம். தினம் அவரைத் தொலைவில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாது.

"யாரும் ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு அப்பா" என்றாள் எஸ்தர். "நான்தான், அவங்க நாயாச்சே, போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாயேன்னு சொன்னேன். அன்னிக்கு ஷாப்பு கேட் வரைக்கும் போய்ட்டு, வேலைக்கும் போவாம திரும்பி வந்துட்டாரு. சொன்னா சாமி திரும்பி நின்னுக்குவாரு, அத இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாதுன்னாரு."

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று எழுத வேண்டிய இடம் இது. என் நாயையும் என் நல்ல பெயரையும் அவர் எடுத்துக்கொண்டார், இரண்டும் திரும்பி வரவில்லை. மிச்சமிருப்பது அவர் மேல் உள்ள கோபம். ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவர் முகத்தைப் பார்த்து, வாய் நிறைய, ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டிருக்கலாம். என் நாய் செத்த செய்தியாவது அவர் வாயால் எனக்கு வந்திருக்கும். கேட்கவில்லை. இப்போது அந்தக் கோபத்தை நானேதான் வைத்துக்கொண்டிருக்க வேண்டும், வாங்கிக்கொள்ள அவர் இல்லை.